கணக்குப் பார்க்காததால் வந்த பிணக்கு



'கணக்குப் பார்த்தால் பிணக்கு வரும்' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். சொந்தபந்தத்துக்குள் அது சரியாக இருக்கலாம். ஆனால் ரிப்பேருக்கு விட்ட வண்டி விஷயத்தில் கணக்குப் பார்க்காவிட்டால்தான் பிணக்கு வருகிறது. இதை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படிக்கவில்லை. என் சித்தப்பா வீட்டில் நடந்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நம்மில் பலர் நாளைக்கு சர்வீஸ் சென்டரிலும் ஒர்க்‌ஷாப்பிலும் வேலைக்குப் போகப் போகிறவர்கள். அதனால் இதை நம் ஆண்டு மலரில் எழுதினால் யாருக்காவது உபயோகப்படும் என்று தோன்றியது.

எப்படி ஆரம்பித்தது?

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை சென்னையைப் புரட்டிப் போட்டது நினைவிருக்கும். நான் அப்போது முதலாண்டு. சித்தப்பாவுக்குப் பள்ளிக்கரணையில் வீடும் அதை ஒட்டி ஒரு ஜெராக்ஸ் கடையும். கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். வாசலில் நின்ற கார் சீட் வரைக்கும் முழுகிவிட்டது. 1200 சிசி பெட்ரோல் வண்டி. 2020 ஆகஸ்டில் கடன் போட்டு வாங்கியது, தவணை இன்னும் முடியவில்லை.

தண்ணீர் வடிந்ததும் சித்தப்பா செய்த முதல் வேலை, காரில் ஏறிச் சாவியைத் திருப்பியதுதான். 'டொக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். போனில் என்னிடம் சொன்னார்: "தம்பி, செல்ஃப் எடுத்தேன், ஒரே சத்தத்துல நின்னு போச்சுடா."

"இன்சூரன்ஸ் ஃபுல் கவர்தானே சித்தப்பா, கவலைப்படாதீங்க" என்றேன். மெக்கானிக்கல் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் அபிப்பிராயம் சொல்லும் தைரியம் வந்துவிட்டது! எனக்குத் தெரிந்த ஒர்க்‌ஷாப் ஒன்றையும் நானே சிபாரிசு செய்தேன். ஆகவே பின்னால் வந்த தகராறில் எனக்கும் பங்கு உண்டு.

ஒரு பாலாடைத் தண்ணீர்

முதலில் அந்த 'டொக்' என்ன என்று பார்ப்போம். நாலு சிலிண்டர், 1200 சிசி என்றால் ஒரு சிலிண்டருக்கு 300 சிசி. கம்ப்ரஷன் விகிதம் 11 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் மேலே ஏறி நிற்கும்போது மிஞ்சுகிற இடம் 30 சிசிதான். குழந்தைக்கு மருந்து புகட்டும் பாலாடையில் ஏறக்குறைய அவ்வளவு பிடிக்கும். காற்றையும் பெட்ரோலையும் அந்த இடத்துக்குள் அமுக்கிவிடலாம். தண்ணீரை அமுக்க முடியுமா? முடியாது. ஏர் ஃபில்டர் வழியாக ஒரு பாலாடைக்கு மேல் தண்ணீர் உள்ளே போயிருந்தால் பிஸ்டன் பாதி வழியில் முட்டி நிற்கும். கீழேயிருந்து கிராங்க் தள்ளுகிறது, மேலே தண்ணீர் விடமாட்டேன் என்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஹைட்ரோஸ்டாட்டிக் லாக் என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

சாவியைத் திருப்பாமல் இருந்திருந்தால்? பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டு, வண்டியை இழுத்துக்கொண்டு போய், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலை மாற்றி, என்ஜினைக் கையால் சுற்றிப் பார்த்திருக்கலாம். ராடு தப்பித்திருக்கும்.

இன்சூரன்ஸ் கம்பெனி பிடித்துக்கொள்வதும் இந்த இடத்தைத்தான். வெள்ளத்தில் முழுகியதால் வந்த சேதம் ஒரு கணக்கு. முழுகிய பிறகு ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் வேறு கணக்கு. அதைத் 'தொடர் சேதம்' என்று சொல்லித் தள்ளிவிடுகிறார்கள். இதற்கென்று 'என்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் பாதுகாப்பு இருக்கிறது. தனி பிரீமியம், அதற்கும் நிபந்தனைகள் உண்டு. சித்தப்பா அதை எடுக்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே எங்கள் யாருக்கும் அப்போது தெரியாது.

மூன்று பேர், இரண்டு ஒப்பந்தம்

ஒர்க்‌ஷாப்பில் முதல் எஸ்டிமேட் ரூ.90,500 போட்டார்கள். "கேஷ்லெஸ் சார். உங்க கையிலேருந்து பத்து, பதினஞ்சு வரும். மிச்சம் கம்பெனி பாத்துக்கும்" என்றார் சூப்பர்வைசர். சித்தப்பா நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டார்.

ஏழு வாரம் கழித்து வந்த பில் ரூ.1,41,000. இன்சூரன்ஸ் தந்தது ரூ.59,000. "பாக்கி 82,000 கட்டிட்டு வண்டியை எடுத்துக்குங்க சார்."

சித்தப்பா ஆடிப் போய்விட்டார். கடையில் ஜெராக்ஸ் மிஷினும் போய்விட்டது, அதற்கு இன்சூரன்ஸே கிடையாது. சித்தி ஏற்கெனவே சங்கிலியை அடகு வைத்துத்தான் பழைய மிஷின் ஒன்று வாங்கியிருந்தார்கள். ஒர்க்‌ஷாப் வாசலில் ஒரே வாக்குவாதம். "கம்பெனி குடுக்கும்னு நீதானே சொன்னே?" "கம்பெனி குறைச்சதுக்கு நான் என்ன சார் பண்றது?"

தோழர்களே, இந்த இரண்டு வாக்கியத்துக்குள் முழுத் தகராறும் அடங்கிவிட்டது. இதில் மூன்று பேர் இருக்கிறார்கள்: வண்டிக்காரர், ஒர்க்‌ஷாப், இன்சூரன்ஸ் கம்பெனி. பாலிசி என்பது வண்டிக்காரருக்கும் கம்பெனிக்கும் உள்ள ஒப்பந்தம். ரிப்பேர் என்பது வண்டிக்காரருக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் உள்ள ஒப்பந்தம். கேஷ்லெஸ் என்றால் கம்பெனி தன் பங்கை நேராக ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புகிறது, அவ்வளவே. முழு பில்லுக்கும் கம்பெனி ஜவாப்தாரி என்று அர்த்தமில்லை. இரண்டு ஒப்பந்தத்துக்கும் நடுவில் விழுகிற தொகை வண்டிக்காரர் தலையில்தான் வந்து விழும். எவ்வளவு விழும் என்று யாராவது ஒருவர் வேலைக்கு முன்னால் சொல்லியாக வேண்டும். அங்கே யாரும் சொல்லவில்லை.

பில்லைப் பிரித்தோம்

அன்று இரவு எஸ்டிமேட், சர்வேயர் மதிப்பீடு, பில் மூன்றையும் தரையில் பரப்பிக்கொண்டு நானும் சித்தப்பாவும் உட்கார்ந்தோம். (மோட்டார் கிளெய்ம் ரூ.50,000-ஐத் தொட்டால் உரிமம் பெற்ற சர்வேயர் பார்த்து மதிப்பிட வேண்டும். அந்த மதிப்பீட்டின் நகலை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.) பிரித்துப் பார்த்தபோது கணக்கு இப்படி வந்தது.

ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், கண்ட்ரோல் யூனிட், வயரிங் - ரூ.48,000. வழக்கமான பாலிசியில் இத்தகைய பாகங்களுக்கு வண்டியின் வயசைப் பொறுத்துத் தேய்மானம் கழிப்பார்கள். ஆறு மாதம் வரை ஒன்றும் கிடையாது. ஒரு வருஷம் வரை 5 சதவீதம், இரண்டு வருஷம் வரை 10, மூன்று வரை 15, நான்கு வரை 25, ஐந்து வரை 35, பத்து வரை 40, அதற்கு மேல் 50. சித்தப்பா வண்டிக்கு மூன்று வருஷம் நான்கு மாதம். ஆகவே 25 சதவீதம், ரூ.12,000 கழிவு.

பேட்டரி, ரப்பர் ஹோஸ், பெல்ட், பிளாஸ்டிக் சாமான்கள் - ரூ.14,000. ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரி இவற்றுக்கு வண்டி வயசைப் பார்ப்பதில்லை, 50 சதவீதம். கழிவு ரூ.7,000.

ஆயில், கூலண்ட், ஃபில்டர், கிரீஸ், துப்புரவு ரசாயனங்கள் - ரூ.6,500. இவை தீர்ந்து போகும் பொருள்கள் என்று முழுவதும் தள்ளுபடி.

கழற்றி மாட்டும் கூலி, உள்ளே சுத்தம் செய்த கூலி - ரூ.22,000. சர்வேயர் ஒப்புக்கொண்டது 17,000. குறைந்தது ரூ.5,000.

என்ஜின் வேலை - ரூ.41,000. அதில் கூலி மட்டும் 12,000. தொடர் சேதம் என்று முழுவதும் மறுப்பு.

கிளட்ச் பிளேட் மாற்றியது - ரூ.9,500. தேய்மானத்தால் மாற்றியது என்று மறுப்பு.

கட்டாயமாக நம் கையிலிருந்து போட வேண்டியது, 1500 சிசி வரை உள்ள சொந்த உபயோகக் கார்களுக்கு - ரூ.1,000.

கூட்டிப் பாருங்கள், சரியாக 82,000 வரும். என்ஜினும் கிளட்சும் எஸ்டிமேட்டிலேயே இல்லாதவை. அவற்றை ஒதுக்கிவிட்டால்கூட முதல் எஸ்டிமேட்டுக்குள்ளேயே ரூ.31,500 வண்டிக்காரர் பங்காக ஒளிந்திருந்தது. 'பத்து, பதினஞ்சு' என்று சூப்பர்வைசர் சொன்ன அன்றைக்கே அது தப்பு. அவர் ஏமாற்ற வேண்டும் என்று சொன்னதாக நான் நினைக்கவில்லை. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். கால்குலேட்டரைத் தட்டியிருந்தால் ஐந்து நிமிஷ வேலை.

பிறகு நாங்கள் 82,000-ஐ மூன்று குவியலாகப் பிரித்தோம். தேய்மானம், தீரும் பொருள், கட்டாயத் தொகை சேர்ந்து ரூ.26,500. இது பாலிசியிலேயே எழுதியிருக்கிறது, யாரையும் குற்றம் சொல்ல முடியாது. இரண்டாவது, என்ஜின் 41,000. மூன்றாவது, கூலி வித்தியாசமும் கிளட்சும் சேர்ந்து 14,500. சண்டை போட வேண்டுமென்றால் பின்னால் உள்ள இரண்டு குவியலுக்குத்தான். முதல் குவியலுக்கும் சேர்த்துக் கத்தியதால்தான் எங்கள் நியாயமான பேச்சும் அங்கே எடுபடவில்லை.

சாவி யார் கையில்?

மறுநாள் சித்தப்பா, "வீட்டுல இன்னொரு சாவி இருக்கு. ராத்திரி போயி எடுத்துட்டு வந்துடலாமா?" என்றார். வயிற்றெரிச்சலில் சொன்னதுதான். ஆனாலும் நான் பயந்துபோய்த் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் விசாரித்தேன்.

1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 170-வது பிரிவு. ஒரு பொருளை வாங்கி அதில் தன் உழைப்பையோ திறமையையோ செலுத்தி வேலை செய்தவர், ஒப்பந்தம் வேறு மாதிரி இல்லையென்றால், அந்த வேலைக்கு உரிய கூலி வரும் வரை பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். தையற்காரர் துணியை வைத்துக்கொள்வது போலத்தான் இது. ஆகவே இந்த ரிப்பேர் பாக்கிக்காக வண்டியை நிறுத்தி வைக்க ஒர்க்‌ஷாப்புக்கு உரிமை உண்டு. வேறு ஏதோ பழைய பாக்கிக்காக நிறுத்த அந்தப் பிரிவு இடம் தராது.

அப்படியென்றால் தொகையில் தகராறு இருக்கும்போது வண்டி வேண்டுமானால் என்ன செய்வது? பில்லிலும் அவர்கள் நகலிலும் 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டு, எந்தெந்த இனத்துக்கு ஆட்சேபம் என்று குறித்து, பணத்தைக் கட்டி வண்டியை எடுத்துக்கொண்டு, பிறகு புகார் செய்யலாம். பேசாமல் கட்டிவிட்டு வந்தால் 'ஒப்புக்கொண்டுதானே கட்டினீர்கள்' என்பார்கள்.

கிளட்ச் பிளேட் சொன்ன சாட்சி

வாக்குவாதம் செய்வதற்குப் பதிலாக முதலாளியிடம் நேரம் கேட்டுக்கொண்டு போனோம். அவரும் டிப்ளமோ படித்து, சின்ன ஷெட்டில் ஆரம்பித்து வந்தவர். "அண்ணே, கழற்றின பழைய சாமானெல்லாம் பார்க்கலாமா?" என்று கேட்டேன். எடுத்துவரச் சொன்னார்.

வளைந்த ராடு வந்தது. அதில் சந்தேகமே இல்லை, வெறும் கண்ணுக்கே தெரிந்தது. அடுத்து கிளட்ச் பிளேட். முதல் செமஸ்டர் லேபில் பழகிய வெர்னியர்தான் கையில். லைனிங்குக்கும் ரிவிட் தலைக்கும் உள்ள ஆழத்தை டெப்த் பாரால் நான்கு இடத்தில் அளந்தேன். மிகக் குறைந்தது 0.9 மில்லிமீட்டர். அந்த வண்டியின் மேனுவலில் மாற்ற வேண்டிய வரம்பு 0.5. தேய்ந்து போனது என்று சொல்ல முடியாது.

"தண்ணியில ஊறினா லைனிங் போயிடும் தம்பி, அதனாலதான் மாத்தினோம்" என்றார் சூப்பர்வைசர்.

"அப்படின்னா அது வெள்ளச் சேதம்தானே சார்? தேய்மானம்னு ஏன் எழுதினீங்க? சர்வேயர்கிட்ட ஏன் காட்டல?"

பதில் இல்லை. தேய்ந்ததால் மாற்றியிருந்தால் வண்டிக்காரரைக் கேட்டிருக்க வேண்டும். ஊறியதால் மாற்றியிருந்தால் சர்வேயரிடம் காட்டியிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை.

என்ஜின் விஷயத்திலும் ஒரு உண்மை வெளியே வந்தது. ராடைப் பார்த்த சர்வேயர் 'இதற்குப் பணம் கிடைக்காது' என்று டிசம்பர் மாதமே எழுதி அனுப்பிவிட்டார். அந்தத் தகவல் ஒர்க்‌ஷாப் கம்ப்யூட்டரிலேயே தூங்கிவிட்டது. சித்தப்பாவுக்குச் சொல்லாமல் என்ஜின் வேலையை முடித்திருக்கிறார்கள். அன்றே சொல்லியிருந்தால் அவர் வேறு இடத்தில் விலை கேட்டிருப்பார். பணம் சேரும் வரை வேலையை நிறுத்தியிருப்பார். அந்த முடிவு அவருடையது. அதை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது தப்பு.

முதலாளி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "வெள்ளத்துக்கு அப்புறம் எழுபது வண்டி நின்னுது தம்பி. ஸ்பேர்ஸுக்கெல்லாம் நான் ரொக்கம் கட்டியிருக்கேன். ஆனா நீ கேட்கிறது நியாயம்." கிளட்ச் 9,500 முழுவதும் தள்ளினார். என்ஜின் கூலியில் பாதி 6,000, கூலி வித்தியாசத்தில் பாதி 2,500. மொத்தம் 18,000 குறைந்தது. மிச்சம் 64,000-ஐ இரண்டு தவணையில் கட்டினோம். ஜெயித்துவிட்டோம் என்று சொல்ல மாட்டேன். 64,000 அந்தக் குடும்பத்துக்குப் பெரிய தொகை. சித்தியின் சங்கிலி திரும்பி வர அடுத்த வருஷ தீபாவளி ஆகிவிட்டது.

எங்கே போய்ச் சொல்வது?

பேச்சுவார்த்தையில் முடியாவிட்டால், எந்தக் குவியலுக்கு எந்தக் கதவு என்று தெரிந்து தட்ட வேண்டும்.

இன்சூரன்ஸ் கம்பெனி குறைத்தது தப்பு என்று நினைத்தால், முதலில் அந்தக் கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். அவர் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, கம்பெனி மறுத்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். ஆனால் ஒர்க்‌ஷாப் மீது அவர் விசாரிக்க மாட்டார்.

ஒர்க்‌ஷாப் மீது புகார் என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு வருஷத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நாமே பேசலாம். வழி கேட்க 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் உண்டு.

எந்தக் கதவானாலும் உள்ளே போகக் கையில் காகிதம் வேண்டும். 'அவர் வாயால சொன்னார் சார்' என்பதற்கு எங்கேயும் மதிப்பு இல்லை.

நாளைக்கு நாம்

போன வருஷம் இன்பிளாண்ட் டிரெயினிங்குக்கு வேறொரு ஒர்க்‌ஷாப் போனேன். முதல் நாளே ஜாப் கார்டு எழுதும் வேலை. ஒரு பெரியவர் இடித்த வண்டியோடு வந்து, "தம்பி, இன்சூரன்ஸ்ல எல்லாம் வந்துடும் இல்ல?" என்று கேட்டார். 'வந்துடும் சார்' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது! அந்த ஒரு வார்த்தை எவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. சூப்பர்வைசர் மீது இருந்த கோபத்தில் பாதி அங்கேயே கரைந்தது.

"இருங்க ஐயா, கணக்குப் போட்டுச் சொல்றேன்" என்று எஸ்டிமேட்டின் ஓரத்தில் மூன்று கோடு போட்டேன். பாகத்தின் விலை, கம்பெனி தருவது, உங்கள் கையிலிருந்து. கீழே ஒரு வரி: 'இதற்கு மேல் எந்த வேலையும் உங்களைக் கேட்காமல் செய்யமாட்டோம்.' பெரியவர் பங்கு ரூ.8,700 வந்தது. முகம் சுருங்கியது. "அவ்வளவா?" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பம்பருக்கு மட்டும் பெயின்ட் அப்புறம் பாத்துக்கலாம், மிச்சத்தைப் பண்ணுங்க" என்றார். வண்டி எடுக்க வந்த அன்று ஒரு சத்தமும் இல்லை. பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, 'நல்லா படிப்பா' என்று சொல்லிப் போனார்.

நண்பர்களே, வண்டி வைத்திருப்பவர் வீட்டில் இருந்தால் இன்றைக்கே பாலிசியை எடுத்துப் பாருங்கள். தேய்மானம் இல்லாத பாலிசியா, என்ஜின் புரொடெக்ட் இருக்கிறதா, தீரும் பொருள்கள் சேருமா என்று பார்த்துச் சொல்லுங்கள். தண்ணீரில் நின்ற வண்டியில் சாவியைத் திருப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். வண்டியை இழுத்துப் போகும் செலவுக்கு வழக்கமான கார் பாலிசியே ரூ.1,500 வரை தருகிறது.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் பேனாவை எடுக்க வேண்டும் என்பதுதான் நான் கற்றுக்கொண்ட பாடம். சித்தப்பா வீட்டுச் சங்கிலியை அடகு வைத்துப் படித்த பாடம் இது. நீங்கள் இலவசமாக எடுத்துக்கொள்ளுங்கள்!

- மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை